குடியேறிய ஊரும் குமரப் பருவத் தொண்டும்

பிழைப்பின் பொருட்டும் பதவியின் பொருட்டும் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளைப் பற்றிய கவலை பெரும்பாலும் இரண்டாக இருக்கக் காண்கிறோம். ஒன்று அவர்களது படிப்பு. மற்றொன்று, தாய்மொழி மறந்து போகாமல் இருக்க வேண்டுமே என்பது. இரண்டும் நியாயமான கவலைகளே. ஆயினும் மூன்றாவது ஒன்று உண்டு; அதனை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் பிள்ளைக்கும் அவன் வளர்கின்ற ஊருக்கும் என்ன உறவு என்பதே அது. பத்து ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தும், அவ்வூரின் பள்ளிக்கூடத்தையும் கடைத்தெருவையும் இரயில் நிலையத்தையும் தவிர வேறொன்றும் அறியாமல், சத்திரத்தில் தங்கியவர் போலவே வளர்ந்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஊர் அவர்களை அறியாது. அவர்களும் ஊரை அறியார். நாளை ஒரு துன்பம் வந்தால் அக்கம் பக்கத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

திருவள்ளுவர் 'ஈகை' என்னும் அதிகாரத்திற்கு முன்னால் 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரத்தை அமைத்திருக்கிறார். ஈகையாவது இல்லாதவர்க்குக் கொடுத்தல். ஒப்புரவாவது ஊரோடு பொருந்தி, ஊரின் தேவையறிந்து, அதற்குப் பயன்பட வாழ்தல். கொடுப்பதற்குக் கையிலே பொருள் வேண்டும். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுவரை உள்ள குமரப் பருவத்தினரிடம் பொருள் இராது. ஆனால் ஊரறிந்து உதவுவதற்கு வேண்டியவை அனைத்தும் அப்பருவத்தில் நிறைந்திருக்கின்றன: ஓடியாடும் உடல், விரைந்து கற்கும் அறிவு, நாள்தோறும் சிறிதளவேனும் ஓய்வு. பிற மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றோடு இன்னொரு முதலும் கைவசம் இருக்கிறது. அதுதான் இரண்டு மொழி. இந்த முதலைக் கொண்டு அவன் என்னென்ன தொண்டு செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பதைத் திருவனந்தபுரம் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

அந்நகரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அது தமிழர்க்குப் புதிய ஊரன்று. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891 இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தைச் சேர்ந்தது. அதனை இயற்றிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையிலே பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலே பேராசிரியராக விளங்கியவர். திருவிதாங்கூரில் வாழ்ந்த ஒருவரே தமிழ்நாடு முழுவதற்கும் வாழ்த்துப் பாடல் தந்தார் என்பது பிற மாநிலத் தமிழர் நினைவில் வைக்கத் தக்கது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லை பிரிந்ததே தவிரப் போக்குவரத்து பிரியவில்லை. வாணிகத்திற்கும் படிப்பிற்கும், எல்லாவற்றிற்கும் மேலாக வைத்தியத்திற்கும், தென்கோடித் தமிழ் மக்கள் இன்றும் திருவனந்தபுரத்திற்கே வருகின்றனர்.

இரண்டாவது காரணம், பொதுமக்கள் தாமாக முன்வந்து நடத்தும் தொண்டு முயற்சிகள் கேரளத்தில் ஆழமாக வேரூன்றியிருப்பது. புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டிய பாரம் அங்கே இளைஞனுக்கு இல்லை. இருப்பதில் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும். அம்முயற்சிகளுள் சிலவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் நூல்நிலையம். திருவனந்தபுரத்தில் இன்று மாநில மத்திய நூலகமாக விளங்கும் பொது நூலகம் 1829 இல் தோன்றியது. ஆனால் கேரளத்தின் சிறப்பு தலைநகரத்துப் பெரிய நூலகத்தைக் காட்டிலும் சிற்றூர்தோறும் உள்ள 'கிரந்தசாலை'களில்தான் இருக்கிறது. அந்த இயக்கத்தின் தந்தையாகப் போற்றப்படும் பி. என். பணிக்கர் 1909 இல் குட்டநாட்டு நீலம்பேரூரில் பிறந்தவர். 1926 இல் அவர் தம் ஊரில் நூல்நிலையம் ஒன்றைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17 தான். 1945 இல் அம்பலப்புழையில் 47 நூல்நிலையங்களை ஒன்று சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அவர் அமைத்தார். மாநிலம் அமைந்த பின் அது கேரள கிரந்தசாலைச் சங்கமாக வளர்ந்தது. 1975 இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசையும் பெற்றது. அவர் மறைந்த ஜூன் 19 ஆம் நாள் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. குமரப் பருவத்தில் ஒருவர் இட்ட வித்து எவ்வளவு பெரிய மரமாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய நூல்நிலையங்களில் சிறுவர்க்கென்று 'பாலவேதி' என்னும் பிரிவு உண்டு. அங்கே ஒரு தமிழ் மாணவன் செய்யக்கூடிய காரியங்கள் பல. கிழிந்த நூல்களை ஒட்டிச் சீர்படுத்தலாம். இரவல் ஏட்டில் பதிவு செய்யலாம். வாரத்தில் ஒரு மாலை சிறு பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டலாம். கண் மங்கிய முதியவர்க்குச் செய்தித்தாள் வாசிக்கலாம். தமிழர் மிகுந்த பகுதியாயின், வீடுகளில் படித்து முடித்துப் பரணில் கிடக்கும் தமிழ் நூல்களைத் திரட்டி ஒரு தமிழ் அலமாரி அமைக்கலாம். மலையாள எழுத்து சரளமாக வராத பிள்ளைக்கு இதுவே நல்ல பள்ளிக்கூடமுமாகும். பத்து வயதுப் பையனுக்குக் கதை வாசிப்பவன், தானும் அம்மொழியைப் பிழையறக் கற்றுவிடுவான்.

நூல்நிலையத்தோடு ஒட்டியது எழுத்தறிவுத் தொண்டு. 1989 இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தொடங்கிய எழுத்தறிவு இயக்கத்தில் ஏறத்தாழ 20,000 தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர். 1990 பிப்ரவரி 4 ஆம் நாள் அது நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் கோழிக்கோட்டில் கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றுவிட்ட செய்தியை மேடையேறி அறிவித்தவர், மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும் பெண்மணி. முதுமையை நெருங்கிய வயதில் எழுத்தறிந்தவர் அவர்.

எழுத்தறிவின் பொருள் காலத்திற்குக் காலம் மாறுவது. கையெழுத்திடத் தெரிந்தவரும் இன்று கைப்பேசியின் முன் கைநாட்டுக்காரராகி விடுகின்றார். திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை என்னும் ஊராட்சி இதனை உணர்ந்து 2021 இல் ஓர் இயக்கம் தொடங்கியது. வேலை உறுதித் திட்டத்தில் உழைக்கும் பெண்கள், கூலி கணக்கில் ஏறியதா என்று அறிவதற்காகவே ஒரு நாள் வேலையை விட்டு வங்கியில் காத்து நிற்க வேண்டியிருந்தது. அந்நிலையே இவ்வியக்கத்திற்குத் தூண்டுகோலாயிற்று. மாணவர்களும் மகளிர் குழுவினரும் வீட்டிற்கும் வேலைத் தலத்திற்கும் சென்று கைப்பேசியைக் கையாளக் கற்பித்தனர். 2022 இல் புல்லம்பாறை முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற ஊராட்சி என அறிவிக்கப்பெற்றது. பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய அம்முயற்சியில் இரண்டரை இலட்சம் தொண்டர்கள் ஈடுபட்டு, ஏறக்குறைய 22 இலட்சம் பேருக்குப் பயிற்சி அளித்தனர். 2025 ஆகஸ்டு 21 ஆம் நாள் கேரளம் இத்துறையிலும் முழுமை எய்தியதாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்போடு வேலை தீர்ந்துவிடுமா எனின், தீராது. கற்றது மறந்து போகும். கருவியும் மாறிக்கொண்டே இருக்கும். தெருவில் தனித்து வாழும் மூதாட்டிக்கு மின்கட்டணம் கட்டவும், வெளிநாட்டிலுள்ள மகனோடு முகம் பார்த்துப் பேசவும் கற்றுக் கொடுப்பதற்குப் பதினைந்து வயதுப் பெண்ணைவிடத் தகுந்த ஆசிரியை கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் அவள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். செய்து கொடுப்பது உதவி. செய்யக் கற்பிப்பது தொண்டு. முதியவர் கையிலேயே கருவி இருக்க வேண்டும். விரல் அவருடையதாக இருக்க வேண்டும். இரகசிய எண்ணைக் கேட்கவும் கூடாது. கேட்பவர் யாராயினும் சொல்லலாகாது என்பதையே முதற்பாடமாகக் கற்பிக்கவும் வேண்டும்.

இனி, தமிழ்ப் பிள்ளைகளுக்கே சிறப்பாக உரிய ஒரு தொண்டுக்கு வருவோம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951 இல் தொடங்கப்பெற்றது. அதனைச் சார்ந்த வளாகத்திலே 1981 இல் மண்டலப் புற்றுநோய் மையம் தோன்றியது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமோ 1980 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று; இதயமும் மூளையும் பற்றிய நோய்களுக்குப் பெயர் பெற்றது. இம்மருத்துவமனைகளை நாடிக் கன்னியாகுமரி, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் திரளாக வருகின்றனர். அவர்களுள் பலருக்கு மலையாளம் காதில் விழுந்தால் ஓரளவு புரியும். எழுத்தோ சிறிதும் தெரியாது. எந்த வரிசையில் நிற்பது, எந்த அறையில் சீட்டுப் பதிவது, எந்தச் சாளரத்தில் பணம் கட்டுவது என்று தெரியாமல், நோயின் துன்பத்தோடு திகைப்பின் துன்பத்தையும் சுமந்து நிற்கின்றனர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். முற்றிலும் வேறான மொழியைக் காட்டிலும் உடன்பிறந்த மொழியில்தான் வழுக்கி விழும் இடங்கள் மிகுதி. 'பனி' என்றால் நமக்கு மார்கழிக் காலை நினைவு வரும். மலையாளத்தில் அது காய்ச்சல். 'வெள்ளம்' என்றால் நாம் ஆற்றுப் பெருக்கை எண்ணுவோம். அவர்களுக்கு அது குடிக்கும் நீர். 'விஷமம்' நமக்குக் குறும்பு. அவர்களுக்குத் துயரம் அல்லது கடினம். 'அவசரம்' நமக்கு விரைவு, அவர்களுக்கு வாய்ப்பு. நோயாளிக்கு விஷமம் இருக்கிறது என்று மருத்துவத் தாதி பரிவோடு சொன்னதைக் கேட்டு, தம்மைக் குறை கூறுகிறார் என்று ஒரு கிழவர் வருந்த நேர்ந்தால் வியப்பில்லை. இரண்டு மொழியிலும் வளர்ந்த பிள்ளை இந்த இடர்களைப் பாடம் படிக்காமலே அறிவான். அவன் வாயில் இருக்கும் இந்த அறிவு, ஒருவர் மருந்தைச் சரியான வேளையில் உண்பதற்கும் தவறிய வேளையில் உண்பதற்கும் உள்ள வேறுபாடாக ஆகக்கூடும்.

ஆயினும் இத்தொண்டுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு, அதனைத் தாண்டலாகாது. வழி காட்டலாம், பெயர்ப்பலகை படித்துச் சொல்லலாம், விண்ணப்பத்தை நிரப்ப உதவலாம், மருந்துச் சீட்டில் மருந்தாளர் சொல்லும் வேளையைத் தமிழில் எழுதிக் கொடுத்து, அதனை அவரிடமே மீண்டும் காட்டிச் சரிபார்க்கலாம். ஆனால் நோய் இன்னது என்று அறிவிப்பதும், அறுவைக்கு இசைவு பெறுவதும் இளம் பிள்ளையின் வாய்வழி நடக்க வேண்டிய காரியங்கள் அல்ல. "உங்களுக்குப் புற்றுநோய்" என்னும் சொல்லை ஒரு பள்ளி மாணவன் நோயாளியிடம் மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை வரவே கூடாது. அது அவனுக்கும் தீங்கு, நோயாளிக்கும் தீங்கு. அவ்விடத்தில், "இதற்குப் பெரியவர் ஒருவரை அழைத்து வருகிறேன்" என்று சொல்லி ஒதுங்குவதே அறிவுடைமை. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ மக்கள் தொடர்பு அலுவலரிடமோ முன்னதாக அனுமதி பெற்று, அவர் குறிக்கும் இடத்தில், அவர் குறிக்கும் நேரத்தில் மட்டுமே இத்தொண்டைச் செய்ய வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு வருவோம். தீராத நோயாளிகளின் வலியைத் தணித்து, இறுதிவரை ஆதரவு தரும் 'வலிதணிப்புப் பராமரிப்பு' என்னும் துறையில் கேரளம் நாட்டிற்கே வழிகாட்டியாக உள்ளது. 1993 இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய இவ்வியக்கம், பின்னர் அக்கம் பக்கத்தாரே நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் அமைப்பாக வளர்ந்தது. 2008 இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் 2003 இல் திருவனந்தபுரத்தில் பேலியம் இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இவ்வியக்கம் தொண்டரிடம் கேட்பது மிகச் சிறிது: வாரத்தில் இரண்டு மணி நேரம். கொடுப்பதற்கு முன் பயிற்சி பெறவேண்டும் என்பதும் அதன் விதி.

நோயுற்றவர் வீட்டில் புண் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் செவிலியர் வேலை. இளந்தொண்டர் அதில் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்க்கு மருந்தைவிட அரியது ஒன்று உண்டு. மனிதர் குரல் அது. அவரோடு அரைமணி பேசியிருத்தல், விரும்பிய பாட்டைக் கேட்கச் செய்தல், இரவு பகலாகக் கவனித்துக் களைத்த மனைவிக்குச் சற்று நேரம் ஓய்வு கிடைக்கும்படி அருகில் அமர்ந்திருத்தல், அவ்வீட்டுச் சிறுபிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல் ஆகிய இவை யாவும் குமரப் பருவத்தினரால் இயலும். கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்லாமையும், நோயாளியைப் படம் எடுக்காமையும் இங்கே தலையாய ஒழுக்கங்களாம். தமிழ் பேசும் முதியவர் ஒருவர், மலையாளச் சூழலில் தம் கடைசி நாட்களைக் கழித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை பேசும் ஒரு பிள்ளையின் வரவு எத்தகைய ஆறுதல் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ!

அடுத்தது நகரின் நலவாழ்வு. திருவனந்தபுரத்தின் குப்பைகள் 2000 ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை என்னும் சிற்றூரில் இருந்த ஆலைக்குச் சென்றன. நாற்றமும் நீர்க்கேடும் தாங்காத அவ்வூர் மக்கள் போராட, 2011 இறுதியில் ஆலை மூடப்பட்டது. தன் குப்பையை அயலூரில் கொட்டும் வழி அடைபட்டபின், ஒவ்வொரு வீடும் தன் குப்பையைத் தானே தரம் பிரித்துச் சீர்படுத்த வேண்டிய கட்டாயம் நகருக்கு வந்தது. மக்காத பொருள்களை வீடுதோறும் வந்து பெற்றுச் செல்வோர் 'ஹரித கர்ம சேனை' எனப்படும் பெண்கள். அவ்வாறு கொடுக்காமல் ஓடையில் எறிந்தால் என்னவாகும் என்பதை நகரம் 2024 ஜூலையில் துயரத்தோடு கண்டது. தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். மலைபோல் தேங்கிய பிளாஸ்டிக்குக் குப்பைகளுக்கிடையே தேடியும், இரண்டு நாட்களுக்குப் பின்னரே அவரது உடல் கிடைத்தது. நாம் ஓடையில் எறியும் பை, யாரோ ஒருவர் இறங்கி எடுக்க வேண்டிய பை என்பதை இளையோர் மறவாதிருக்க வேண்டும்.

இதில் இளைஞர் செய்யத்தக்கது யாது? ஓடையில் இறங்குவது அன்று. அதனை உறுதியாகத் தடுக்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 2018 வெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் அந்நோய் பலரைத் தாக்கியது. செய்யத்தக்கது வாசலில் நின்று செய்யும் வேலையே. புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்திற்குச் சேனைப் பெண்கள் வரும் நாள் எது, பிளாஸ்டிக்கை ஏன் கழுவி உலர்த்திக் கொடுக்க வேண்டும் என்பவை தெரியா. மாநகராட்சியின் அறிவிப்போ மலையாளத்தில் இருக்கும். அதனைத் தமிழில் தெளிவாக எழுதி, நாலு வீடுகளில் ஒட்டுவது ஒரு மணி நேர வேலை. பயனோ ஆண்டு முழுவதும். வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் குடியிருப்பாயின் இந்தியிலும் எழுதலாம்.

கொசு ஒழிப்பும் இவ்வகையிற் சேர்ந்ததே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நல்ல நீரிலேயே முட்டையிடும். தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டியின் தட்டு, பழைய டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்னுள்ள தட்டு ஆகிய இவையே அதன் தொட்டில்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்திற்கு மேல் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கவிழ்த்துவிட்டால் கொசு பிறப்பதற்கே இடமில்லை. கேரளத்தில் இதனை 'உலர் நாள்' என்று வழங்குவர். ஞாயிறுதோறும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து தம் தெருவில் பத்து வீட்டு முற்றங்களை, வீட்டாரின் இசைவோடு சுற்றிப் பார்ப்பாராயின், மழைக்காலத்தில் அத்தெருவில் எத்தனை படுக்கைகள் காலியாக இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

நாள்தோறும் செய்யும் தொண்டு இவ்வாறிருக்க, காலம் நோக்கிச் செய்யும் தொண்டும் உண்டு. கும்ப மாதத்தில் நிகழும் ஆற்றுக்கால் பொங்காலைக்குப் பல இலட்சம் பெண்கள் திரள்கின்றனர். ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியாகக் கருதும் மரபு உண்டாதலின் தமிழ்நாட்டிலிருந்தும் பெருந்திரளாக வருவர். அன்று குடிநீர் வழங்கவும், வழி கேட்பார்க்குத் தமிழில் வழி சொல்லவும், கூட்டத்தில் தவறியவரைக் காவலரிடம் சேர்க்கவும் இளந்தொண்டர் பலர் வேண்டும். பொங்கலிட்ட பின் அடுப்புக் கற்கள் வீதியெங்கும் கிடக்கும். அச்செங்கற்களைத் திரட்டி ஏழையர்க்கு வீடு கட்டப் பயன்படுத்துவதை மாநகராட்சி மேற்கொண்டு வருகிறது. வழிபாட்டின் அடுப்பு ஓர் ஏழையின் சுவராவது எத்துணை அழகிய காரியம்!

பேரிடர்க் காலமோ முன்னறிவிப்பின்றி வருவது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திருவனந்தபுரக் கடற்கரையின் மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, வெள்ளத்தில் மூழ்கிய மாவட்டங்களில் எண்ணற்றோரைக் காத்தனர். அதே வேளையில் தலைநகரத்துச் சேகரிப்பு நிலையங்களில் மாணவ மாணவியர் இரவு பகலாக அரிசியையும் ஆடையையும் மருந்தையும் தரம் பிரித்துக் கட்டினர். படகு செலுத்துவது எல்லார்க்கும் ஆகாது. பெட்டியின் மேல் உள்ளே இருப்பதைத் தெளிவாக எழுதுவது எந்தப் பிள்ளைக்கும் ஆகும். பெயர் எழுதாத பெட்டி, முகாமில் பிரிக்கப்படாமலே கிடக்கும். இந்த அனுபவத்திற்குப் பின், 2020 இல் கேரள அரசு 'சாமூகிக சன்னத்த சேனை' என்னும் தொண்டர் படையை அமைத்தது. நூறு பேருக்கு ஒரு தொண்டர் என்பது அதன் நோக்கம். 16 வயது நிரம்பியவரும் அதில் பதிவு செய்துகொள்ளலாம் என வகுக்கப்பட்டது.

இத்தொண்டுகளைத் தனித்துச் செய்வதினும் ஓர் அமைப்பின் வழியே செய்வது சாலச் சிறந்தது. பள்ளிகளில் சாரணர் இயக்கமும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும் உள்ளன. கேரளத்தில் 2010 இல் தொடங்கப்பெற்ற மாணவர் காவற்படை, எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு உரியது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டான 1969 செப்டம்பர் 24 ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. கல்லூரித் தொண்டர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்பது அதன் விதி. கணக்கிட்டுப் பார்த்தால் அது வாரத்திற்கு இரண்டரை மணி நேரத்திற்கும் குறைவே. இவற்றில் சேர்வோர்க்குத் தேர்வில் சலுகை மதிப்பெண் கிடைப்பதும் உண்டு. கிடைத்தால் பெற்றுக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் மதிப்பெண் வந்தவுடன் நோயாளியின் வீட்டு வாசலை மறந்து விடும் பிள்ளை, தொண்டு செய்தவனாக மாட்டான். அந்த நோயாளியை இரண்டாம் முறை தனிமையில் ஆழ்த்தியவனே ஆவான்.

ஆதலின் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் சில விதிகளைக் கூற விரும்புகிறோம். குறைவாக ஏற்று, ஏற்றதைத் தவறாமல் செய்க. வாரம் இரண்டு மணி என்றால் ஆண்டு முழுவதும் அந்த இரண்டு மணி. பரீட்சைக் காலத்தில் வர இயலாதெனில் முன்னரே சொல்லி வேறொருவரை ஏற்பாடு செய்க. எவர் வீட்டிற்கும் தனியே செல்லாது இருவராகச் செல்க. செல்லும் இடமும் திரும்பும் வேளையும் வீட்டில் தெரிந்திருக்கட்டும். பொறுப்புள்ள பெரியவர் ஒருவரது மேற்பார்வை இல்லாத இடத்தில் பிள்ளைகளைவிட வேண்டா. பணம் திரட்டும் வேலையை இளையோரிடம் ஒப்படைக்க வேண்டா. உதவி பெறுபவரின் மானம் உதவியைவிடப் பெரிது என்பதை எப்போதும் நினைவிற் கொள்க.

"படிப்புக் கெட்டுவிடாதா?" என்று பெற்றோர் கேட்பர். வாரத்தில் இரண்டு மணியால் கெடும் படிப்பு, அதனைச் சேமித்து வைத்தாலும் தேறப்போவதில்லை. "வேற்று ஊரில் நமக்கேன் இந்த வேலை?" என்று கேட்பவரும் உண்டு. இக்கேள்வியில்தான் நம் மையப் பொருளே அடங்கியிருக்கிறது. வரி கட்டுவதாலும் வாடகை கொடுப்பதாலும் ஓர் ஊரில் குடியிருக்கலாம். அவ்வூராராக ஆவதற்கு அவை போதா. ஊராரின் நோயிலும் நீரிலும் நூலிலும் நம் பிள்ளையின் கை பட்டால், பெயர் சொல்லி அழைக்கும் ஊர் அவனுக்குக் கிடைக்கும். அதனால் அவன் தமிழ் குறையாது. அவன் தமிழால் பிறர்க்குப் பயன் உண்டென்று கண்டபின் அதனை மறக்கவும் துணியான்.

திருவனந்தபுரத்தைப் பற்றிச் சொன்னவை மற்ற ஊர்களுக்கும் பொருந்துவனவே. மும்பையின் தாராவியிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், கொல்கத்தாவிலும், பெங்களூரிலும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. அங்கும் மருத்துவமனை உண்டு, நூல்நிலையம் உண்டு, மழையும் கொசுவும் உண்டு. தமிழகத்திலிருந்து வைத்தியத்திற்கு வந்து, மொழி தெரியாமல் வாசலில் நிற்கும் ஒரு தாய் எந்தப் பெருநகரிலும் இருப்பாள். நேயர்கள் இவ்வாரம் தம் பிள்ளைகளை அழைத்து ஒரு வினா கேட்பார்களாக: "நம் தெருவுக்கு எது குறை? அதில் உன்னால் ஆவது எது?" அவர்கள் சொல்லும் விடை சிறிதாகத்தான் இருக்கும். சிறிதாயினும் அதனை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கச் செய்யுங்கள். முதல் நாள் நீங்களும் உடன் செல்லுங்கள்.